முன்சக்கரத்தில் எவ்வளவு மிச்சம்? டிராக்டரையும் டிரெய்லரையும் எடை போட்டுப் பார்க்கும் முறை

சித்திரை பிறந்து கண்மாய்கள் வற்றிவிட்டால் சாத்தூர், வெம்பக்கோட்டை, அச்சங்குளம் சுற்றுவட்டாரத்தில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. கண்மாய்க்குள் ஜேசிபி இறங்கிக் கரம்பை மண்ணை அள்ளிப் போடும். டிராக்டர் கரை ஏறி, தார்ச்சாலையில் ஓடி, புஞ்சையில் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பும். தை, மாசியில் அதே டிரெய்லரில் மக்காச்சோளம் போகும். இடையில் எரு, விறகு, செங்கல் என்று ஏதாவது ஒரு சுமை இருந்துகொண்டே இருக்கும்.

"உங்க டிராக்டர் எவ்வளவு இழுக்கும்?" என்று ஓட்டுகிறவரிடம் கேட்டால், "45 எச்.பி. அண்ணாச்சி, எவ்வளவு போட்டாலும் இழுக்கும்" என்று உடனே பதில் வரும். அது பொய்யில்லை, இழுக்கத்தான் செய்யும். இழுத்ததை நிறுத்த முடியுமா, கரை ஏறும்போது முன்சக்கரம் தரையில் நிற்குமா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். இந்த இரண்டுக்கும் பதில் எச்.பி.யில் இல்லை, எடையில் இருக்கிறது. அந்த எடை எவ்வளவு என்று பெரும்பாலான டிராக்டர் உரிமையாளர்களுக்குத் தெரியாது. மக்காச்சோளம் விற்கும்போது எடைமேடையில் ஏற்றி, மொத்த எடையில் காலி எடையைக் கழித்து, நிகர எடைக்குப் பணம் வாங்குகிறோம். அதோடு எடைச்சீட்டு சட்டைப்பையில் கசங்கிப் போகிறது. வண்டியின் பாதுகாப்புக்காக அதே எடைமேடையைப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள், புறப்படும் முன் லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடைக்குப் போய் அச்சு அச்சாக எடை போட்டுப் பார்ப்பார்கள். முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு, கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்று தனித்தனியாகத் தெரிந்துகொள்வார்கள். பின்வண்டியின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உல்லாசப் பயணத்துக்கே இவ்வளவு பார்க்கும்போது, பிரேக் இல்லாத டிரெய்லரில் மண் ஏற்றி ஓட்டும் நாம் பார்க்காமல் இருக்கலாமா?

ஒரு நடை என்பது எத்தனை டன்?

கண்மாயில் வண்டல் எடுக்க அரசு தரும் அனுமதியில் நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் நடை என்றும், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 டிராக்டர் நடை என்றும் இருக்கிறது. முன்பு மாவட்ட அளவில் வாங்க வேண்டியிருந்த இந்த அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரிடமே பெறலாம். வகுத்துப் பார்த்தால் ஒரு நடைக்கு 3 கன மீட்டர் வருகிறது. இது கொள்ளளவுக் கணக்குதான். எடையைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

கோடையில் நன்றாகக் காய்ந்து பொடிந்த வண்டல் ஒரு கன மீட்டர் 1,200 கிலோ அளவில் இருக்கும். அடியில் ஈரம் இருக்கிற களிமண் 1,800 கிலோ வரை போகும். அப்படியானால் அதே 3 கன மீட்டர், அதே உயரம், ஒரு நாள் 3.6 டன், இன்னொரு நாள் 5.4 டன். முதல் நாள் இரவு ஒரு கோடை மழை பெய்திருந்தால் போதும். நேற்று சிரமமில்லாமல் ஏறிய கரையில் இன்று டிராக்டர் திணறும். ஓட்டுநர் "டீசல் சரியில்ல போல" என்பார்.

மக்காச்சோள மணி அப்படியில்லை. ஒரு கன மீட்டருக்கு 720 கிலோ அளவுதான். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி உயரம் உள்ள பெட்டியில் தலை தட்டி நிரப்பினாலும் இரண்டரை டன்னைத் தாண்டாது. மாசி மாதத்தில் முழுப் பெட்டியோடு ஓட்டிப் பழகிய கண்ணும் கையும், சித்திரையில் மண்ணுக்கும் அதே உயரத்தைக் கேட்கின்றன. தப்பு நடப்பது அங்கேதான்.

மூன்று எடை, ஒரு காலி எடை

சாத்தூர், சிவகாசி சாலைகளில் எடைமேடைகளுக்குப் பஞ்சமில்லை. கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. "வெறும் முன்சக்கரத்த மட்டும் மேடையில ஏத்திக்கிடவா, அண்ணாச்சி?" என்று கேட்டால், மேடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். விஷயத்தைச் சொன்னால் மறுக்கமாட்டார். எல்லாம் சேர்த்து ஓரிரு நூறு ரூபாயில் முடியும் வேலை. மேடைக்கு முன்னும் பின்னும் தரை மேடையின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். மேடு பள்ளமாக இருந்தால் பாதி வண்டியை ஏற்றிப் போடும் எடை தவறாகக் காட்டும்.

முதலில், டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிராக்டரை மட்டும் எடை போட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும், டீசல் டேங்க் நிறைந்திருக்கட்டும். முழு டிராக்டர் ஒரு முறை, முன்சக்கரங்கள் மட்டும் ஒரு முறை. இது ஒரு தடவை செய்தால் போதும். சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, வழக்கமாக ஏற்றும் அளவுக்கு மண் ஏற்றி, டிரெய்லரை மாட்டிய நிலையில் மூன்று எடை. டிராக்டரின் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில். பிறகு கொஞ்சம் நகர்த்தி, டிராக்டரின் நான்கு சக்கரங்களும் மேடையில், டிரெய்லர் சக்கரம் வெளியே. கடைசியாக எல்லாமே மேடையில். ஒவ்வொரு முறையும் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, வண்டி ஆடாமல் நின்றபின் எண்ணைக் குறிக்க வேண்டும்.

விளங்குவதற்காக ஒரு கணக்கு. தனி டிராக்டர் 2,000 கிலோ, அதில் முன்சக்கரத்தில் 760. இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டி 3 கன மீட்டர் வண்டல் ஏற்றிய பிறகு முன்சக்கரத்தில் 480, டிராக்டர் முழுவதும் 2,720, மொத்தம் 8,020 என்று வைத்துக்கொள்வோம்.

மொத்த எடையில் தனி டிராக்டரைக் கழித்தால் 6,020 கிலோ. இதுதான் சுமையோடு சேர்ந்த டிரெய்லரின் எடை. டிரெய்லர் சக்கரத்தில் மட்டும் நிற்பது 8,020இல் 2,720 போக 5,300. பலரும் இந்த 5,300ஐத்தான் டிரெய்லர் எடை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. மீதி 720 கிலோ எங்கே போயிற்று? கொக்கி வழியாக டிராக்டரின் முதுகில் ஏறியிருக்கிறது. 2,720இல் 2,000ஐக் கழித்துப் பார்த்தால் அதே 720 வரும்.

அந்த 720 கிலோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், ஏற்றச்சால் போல முன்பக்கத்தைத் தூக்குகிறது. அதனால்தான் முன்சக்கரத்தின் 760 கிலோ 480 ஆகக் குறைந்தது. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்க, டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2,000 கிலோ டிராக்டருக்கு அது 400 கிலோ. ஆக, மேடையின் சமதளத்தில் நிற்கும்போது கையில் மிச்சம் இருப்பது 80 கிலோதான்.

கரை ஏறும்போது

கண்மாய்க் கரையின் சரிவு சமதளம் அல்லவே. ஆறடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஆறு டன்னை இழுக்கும்போது, இழுவை விசையும் முன்பக்கத்தைத் தூக்கும், டிராக்டரின் எடையும் பின்னுக்குச் சாயும். மேலே சொன்ன டிராக்டருக்குக் கணக்குப் போட்டால் முன்சக்கரத்தில் 60, 70 கிலோதான் நிற்கும். ஒரு சிமெண்ட் மூட்டைக்குச் சற்று மேல். இந்த நிலையில் கிளட்சைச் சட்டென்று விட்டாலோ, பின்சக்கரம் ஒரு கல்லில் மாட்டினாலோ மூக்கு மேலே எழும்பிவிடும். எழும்பத் தொடங்கிய டிராக்டர் திரும்ப முடியாத நிலையை எட்ட முக்கால் நொடி போதும். ஓட்டுகிறவர் என்ன நடக்கிறது என்று உணர்வதற்குள் முடிந்துவிடும்.

முன்சக்கரம் கொஞ்சம் தூக்குவதை ஒரு சாகசமாகப் பார்க்கும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மட்கார்டில் இரண்டு பேரை உட்காரவைத்துக்கொண்டு இதைச் செய்வார்கள். மூக்கு தூக்காமலிருக்க ஒருவரை முன் பம்பரில் உட்காரவைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. ஆளை எடைக்கல்லாக வைக்கும் வேலை அது.

செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. டிரெய்லரை 5 டன்னுக்குக் குறைப்பது ஒன்று. முன்னால் மாட்டும் வெயிட் 160 கிலோ அளவுக்கு வாங்கி மாட்டுவது இன்னொன்று. ஜேசிபி இருக்கும்போதே பாதையின் சரிவைப் பத்தடிக்கு ஓரடியாக இழைத்துவிடச் சொல்வது மூன்றாவது. அரைமணி நேர வேலைதான். மூன்றையும் செய்தால் அதே டிராக்டரின் முன்சக்கரத்தில், ஏற்றத்திலும் 450 கிலோவுக்கு மேல் நிற்கும். கொக்கியை டிராக்டரின் கீழ் இழுவைத் துளையில்தான் மாட்ட வேண்டும். உயரம் வேண்டும் என்று மேலே எங்காவது மாட்டினால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது.

நிறுத்தும்போது

நம் பகுதியில் ஓடும் சாதாரண டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே இல்லை. அதாவது 8 டன்னையும் நிறுத்த வேண்டியது இரண்டு பின்சக்கரங்கள்.

காய்ந்த தார்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் தனி டிராக்டர் வருகிறது. ஆடு குறுக்கே ஓடுகிறது. பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி, பிறகு சறுக்கி நிற்பது என்று சேர்த்தால் சுமார் 18 மீட்டர். மேலே சொன்ன மண் டிரெய்லரோடு வந்தால் சுமார் 30 மீட்டர். மழையில் நனைந்த சாலையில், டிராக்டர்கள் உதிர்த்துவிட்டுப் போன கரிசல் சேறும் சேர்ந்திருந்தால் 50 மீட்டர் வரை போகும். அதுவும் நேராகப் போய் நின்றால்தான். பின்னால் இருந்து ஆறு டன் தள்ளும்போது டிராக்டர் குறுக்கே மடங்கித் திரும்பிவிடுவதும் உண்டு. வயலில் தனித்தனியாக மிதிப்பதற்காக இரண்டு பிரேக் பெடலையும் பிரித்துவிட்டு, சாலைக்கு வரும்போது இணைக்கும் கொக்கியைப் போட மறந்திருந்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும். வண்டி கவிழ வேறு காரணமே வேண்டாம்.

இந்தச் சாலைகளில் யார் போகிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் அச்சங்குளம் என்ற பெயரை வெளியூர் மக்கள் அறிந்தார்கள். காலையும் மாலையும் இங்கே ஆலை வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிய வேன்கள், பேருந்துகள், இருசக்கர வண்டிகள். அவற்றுக்கு நடுவே பட்டாசுப் பெட்டிகளும் மூலப்பொருட்களும் ஏற்றிய வண்டிகள். ஆலைக்குள் தீப்பொறிக்குப் பயந்து வாழ்கிற ஜனம், சாலையில் 30 மீட்டருக்குள் நிற்க முடியாத ஒரு டிராக்டருக்குப் பின்னாலும் முன்னாலும் போகிறது.

ஆட்களை டிரெய்லரில் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. 2022 அக்டோபர் 1ஆம் தேதி உத்தரப்பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பொங்கலுக்கும் முளைப்பாரிக்கும் இங்கேயும் அப்படி ஏற்றுகிறோம். எடை குறைவுதான், ஆனால் மனிதச் சுமை மூட்டை போல ஓரிடத்தில் இராது. எல்லோரும் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் எடையும் அந்தப் பக்கமே போகும்.

ஆர்.சி.யில் எழுதியிருப்பது

டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. அதன் ஆர்.சி.யில் காலி எடையும் சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடையும் இருக்கும். நமது கணக்கில் உள்ள டிரெய்லருக்கு அந்த அளவு 5,000 கிலோ என்றால், 6,020 வைத்து ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 113ஆம் பிரிவின்படி தவறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 194ஆம் பிரிவில் இதற்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சுமையை இறக்கிய பிறகே வண்டியை நகர்த்த விடுவார்கள். அதிகாரி எடை போடச் சொல்லி, நிற்காமல் போனாலோ மறுத்தாலோ 40,000 ரூபாய். காப்பீட்டிலும் டிராக்டரோடு டிரெய்லர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பார்ப்பது அவசியம். டிராக்டருக்கு மட்டும் கட்டிவிட்டு, விபத்துக்குப் பிறகு அலைகிறவர்கள் நிறைய.

டயர்களையும் விடக்கூடாது. டயரின் பக்கவாட்டில் அது எவ்வளவு சுமை தாங்கும், எவ்வளவு காற்று வேண்டும் என்று பொறித்திருக்கும். சக்கரத்தில் நிற்கும் 5,300 கிலோவை இரண்டு டயருக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 2,650. லாரியில் கழித்துவிட்ட பழைய டயரை மாட்டியிருந்தால் அந்த எண் அதில் படிக்கவே தெரியாது. அந்த டயரை மாற்றிவிட வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு கோடு

எடை தெரிந்த பிறகு ஒவ்வொரு நடைக்கும் எடைமேடைக்கு ஓட வேண்டியதில்லை. இந்த டிரெய்லரின் காலி எடை 1,370 என்றால், 5,000 வரை ஏற்றக்கூடிய மண் 3,630 கிலோ. நமது கணக்கில் எடுத்த மண் ஒரு கன மீட்டர் 1,550 கிலோ. அப்படிப் பார்த்தால் 2.3 கன மீட்டர் அளவில் வரும். பத்துக்கு ஆறடிப் பெட்டியில் அது சுமார் 16 அங்குல உயரம். பெட்டியின் உள்பக்கம் நான்கு மூலையிலும் அந்த உயரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் ஜேசிபி ஓட்டுநருக்கும் வேலை சுலபம். ஈர மண் என்றால் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். அவரவர் டிரெய்லருக்கு அவரவர் எடைச்சீட்டை வைத்துத்தான் இந்தக் கோடு. பக்கத்துத் தோட்டத்துக் கோட்டை அப்படியே போட்டுக்கொள்ளக் கூடாது.

இதில் நஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 90 கன மீட்டரை 30 நடையில் அடித்தவர் இனி 39 நடை அடிக்க வேண்டும். ஏக்கருக்கு ஒன்பது நடை டீசலும் கூலியும் கூடுதல். வாடகை டிராக்டர் நடைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் நிலத்துக்காரர் "பெட்டி நிறையட்டும்" என்றுதான் நிற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடைக்கணக்கை விட்டுவிட்டு நாள் வாடகையாகவோ மணிக்கணக்காகவோ பேசினால் இந்த இழுபறி குறையும். அனுமதிச் சீட்டில் கன மீட்டர் அளவே அடிப்படை, நடை எண்ணிக்கை அதிலிருந்து வந்தது. நடை கூடினால் கேள்வி வரலாம் என்பதால், பெட்டியின் அளவைச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். ஜேசிபிக்குக் கை எட்டுகிற பின்பக்கமாகவே கொட்டிக்கொண்டு போனால் டிரெய்லரின் பின்புறம் கனத்து, கொக்கி மேல்நோக்கி இழுக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும். முன்புறமாகக் குவித்தால் டிராக்டரின் மூக்கு தூக்கும். நமது கணக்கில் 6,020இல் 720, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கொக்கியில் இறங்கியிருந்தது. சுமையின் இடம் சரி, சுமையின் அளவுதான் கூடுதல். எடைமேடையில் இரண்டாவது எடையைப் போடும்போது இது பளிச்சென்று தெரிந்துவிடும்.

நான்கு சக்கர டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்குக் கொக்கியில் எடை ஏறாது, எனவே மூக்கு தூக்குவது குறைவு. ஆனால் டிராக்டரின் பின்சக்கரத்துக்குக் கூடுதல் அழுத்தமும் கிடைக்காது. அதே சுமையை நிறுத்த இன்னும் அதிக தூரம் பிடிக்கும். அவர்கள் கரையைவிடச் சாலைக்கு அதிகம் பயப்பட வேண்டும்.

எடைமேடைக்குப் போனால், அது சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை இடப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். எடைமேடைக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம், சான்றிதழை அங்கேயே மாட்டிவைத்திருப்பார்கள். சீட்டு வாங்கியதும் ஐந்து எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, ஆர்.சி. நகலோடு டூல்ஸ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வெப்பத்தில் எடைச்சீட்டின் எழுத்து மங்கிவிடும், அதை நம்பக் கூடாது. டயர் மாற்றினாலும், பெட்டிக்குப் பலகை வைத்து உயர்த்தினாலும், முன் வெயிட்டைக் கழற்றினாலும் பழைய எண்கள் செல்லாது. மறுபடி ஒருமுறை மேடை ஏற வேண்டியதுதான்.